மரபு மையத்தின் முற்றம்: கல்லா, மணலா, மரமா?

அண்மைக் காலமாக நமது ஊர்களில் மரபுரிமை நிலையங்கள் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இயங்கி வருகிறது. ஏனைய ஊர்களிலும் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள், ஓலைச்சுவடிகள், பழைய அச்சு நூல்கள், புலவர்களின் கைப்பட எழுதிய கொப்பிகள் ஆகியவற்றை ஒரு கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று விரும்புவோர் இருக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் இத்தகைய திட்டங்களுக்காகக் கூடும் கூட்டங்களில் கட்டிடம் பற்றியே பேசுகிறோம். மண்டபம் எவ்வளவு பெரிது, முகப்பில் வளைவு வைப்பதா, கண்ணாடிப் பேழைகள் எத்தனை என்றெல்லாம் கேட்கப்படும். வளவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் வரும் பதில் ஒன்றுதான்: “கட்டிடம் முடியட்டும், வளவைப் பொறகு பாப்பம்.”

பிறகு பார்க்கும்போது கையில் மிச்சக் காசுதான் இருக்கும். அந்தக் காசுக்கு எவ்வளவு இன்டர்லொக் கல் வருமோ அவ்வளவையும் வாங்கி மதிலில் இருந்து மதில் வரை பதித்துவிட்டு, நான்கு பூச்சாடிகளை வைத்துத் திறப்பு விழாவை நடத்திவிடுவோம். அடுத்த மாரியில்தான் பிழை தெரிய வரும்.

முற்றத்தின் தரையும் மரமும் அத்திவாரத்துக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொண்டால் போதும். மழைத் தண்ணீர் எங்கே போகும்? இந்தத் தரையில் யாருடைய கால் படும்? எழுத்துக்கு இங்கே எந்த இடம்? கிழக்குக் கரையோர ஊர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஏனைய பகுதியினர் தமது மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

தண்ணீரின் கணக்கு

ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். இந்த ஒரு கணக்கை வைத்துக் கொண்டு முப்பது பேர்ச் வளவொன்றைப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது சுமார் 25.3 சதுர மீற்றர். ஆகவே முப்பது பேர்ச் ஏறத்தாழ 759 சதுர மீற்றர். வடகீழ்ப் பருவக் காலத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை கொட்டுவது கிழக்கில் அதிசயமல்ல. அப்படி ஒரு நாளில் இந்த வளவில் விழும் தண்ணீர் சுமார் 76,000 லீற்றர். ஐயாயிரம் லீற்றர் பவுசர் பதினைந்து, வளவுக்குள் வந்து தண்ணீரைத் திறந்துவிட்டுப் போவதற்குச் சமம்.

வெறும் மணலாக இருந்தால் இதில் பெரும்பங்கை நிலம் குடித்துவிடும். மதிலில் இருந்து மதில் வரை கல்லும் சீமெந்தும் போட்டு மூடினால் அத்தனையும் தாழ்ந்த பக்கத்தைத் தேடி ஓடும். நமது வளவுகளில் தாழ்ந்த பக்கம் பெரும்பாலும் கட்டிடத்தின் அடியாகவே இருக்கும். காரணம் எளிது. றோட்டு ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்கிறது. முற்றத்துக்கு ஒவ்வொரு முறை கல் பதிக்கும்போதும் அது ஒரு சாண் உயர்கிறது. கட்டிடத்தின் தரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு மூன்று படி ஏறிப் போன வாசிகசாலைக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகும் நிலையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

சாதாரண கட்டிடத்துக்கு இது ஒரு தொல்லை. சுவடிகள் வைத்திருக்கும் கட்டிடத்துக்கோ இது பேராபத்து. சுவரின் அடியில் நிற்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். அறைக்குள் காற்றின் ஈரப்பதம் கூடும். ஓலையிலும் தாளிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தைத் தேடி வரும் கறையான் அலுமாரியின் பின்புறத்தால் நுழையும். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய காலத்துத் தாள்கள், தொட்டாலே உதிரும் பருவத்தில் இருப்பவை. அவற்றுக்காக உள்ளே குளிரூட்டி பூட்டிவிட்டு வெளியே சுவரடியில் தண்ணீரைத் தேங்க விடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

ஆகவே முதல் விதி இது: முற்றத்தின் முடிந்த மட்டம் எதுவானாலும் கட்டிடத்தின் தரை அதைவிடக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் உயரமாக இருக்க வேண்டும். வெள்ளம் வரும் பகுதி என்றால் இன்னும் உயர்த்த வேண்டும். பின்னர் எப்போது புதிய கல் பதித்தாலும் பழையதைத் தோண்டி எடுத்துவிட்டே பதிக்க வேண்டும். “பழசுக்கு மேலால போட்டா செலவு குறையும் காக்கா” என்று மேசன் சொல்வார். செலவு குறையத்தான் செய்யும். அந்த லாபத்துக்குச் சுவடிகள்தான் விலை கொடுக்கும்.

இரண்டாவது விதி: சுவரைத் தொட்டுக் கடினமான தரை வேண்டாம். கூரையிலிருந்து விழும் தண்ணீர் சீமெந்தில் பட்டுத் தெறித்து சுவரை நனைக்கும். கட்டிடத்தைச் சுற்றி 60 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கருங்கல் சல்லி பரப்பிவிட்டால் தெறிப்பு அடங்கும். கறையான் புற்று ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் பூச்செடியோ விறகோ சருகுக் குவியலோ கூடாது.

மூன்றாவது: தண்ணீர் வெளியேற ஒரு வழி. மணல் தண்ணீரைக் குடிக்கும் என்றேன். ஆனால் மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் மணலுக்கும் குடிக்க இடமிராது. உறிஞ்சுகுழி மட்டும் வெட்டிவிட்டு இருந்தால் அப்போது அது வெறும் குட்டையாகிவிடும். மேலதிக நீர் கானுக்குப் போக ஒரு சரிவும் வாய்க்காலும் கட்டாயம் வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. காத்தான்குடி போல வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலங்களில், கிணற்றில் நாம் அள்ளும் நன்னீர் கீழே இருக்கும் உவர்நீருக்கு மேல் மிதந்து கொண்டிருப்பது. அந்த நன்னீரை ஆண்டுதோறும் நிரப்புவது இந்த முற்றங்களில் விழும் மழைதான். ஊர் முழுவதும் முற்றத்தை மூடினால் மாரியில் வெள்ளமும் கோடையில் உவர்க் கிணறும் ஒன்றாக வரும். ஊருக்கு வழிகாட்ட வேண்டிய ஒரு மையம் இதில் தவறான முன்மாதிரி ஆகக் கூடாது.

தரைக்கு என்ன போடலாம்?

கடையில் அழகாகத் தெரியும் பொருளெல்லாம் முற்றத்துக்கு உதவாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்டர்லொக் கல் எங்கும் கிடைப்பது. ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். அடியில் குழாய் பதிக்க வேண்டி வந்தால் கழற்றித் திரும்பவும் போடலாம். ஆட்கள் நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பும், வாகனம் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பும் தேவை. அதன் வலிமை கல்லில் மட்டும் இல்லை. கீழே இறுக்கிய சல்லிப் படை, அதன் மேல் சுமார் 3 சென்ரிமீற்றர் மணல், ஓரத்தில் கல் நகராமல் பிடிக்கும் சீமெந்துக் கட்டு ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஓரக் கட்டு இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் கற்கள் விலகிப் பல்லுப்போன வாய் போலாகும். “இது தண்ணி இழுக்கும் கல்லு” என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண இன்டர்லொக்கின் இடுக்குகள் மணலால் அடைபட்ட பின் பெருமழையில் மிகச் சிறிதளவே உள்ளே இறங்கும். அகன்ற இடுக்கு விட்டு அதைச் சிறு சல்லியால் நிரப்பும் வகையே உண்மையில் தண்ணீர் இறக்குவது.

மெருகேற்றிய கிரனைட்டும் வழுவழுப்பான டைல்ஸும் வெளியே கூடவே கூடாது. மழை ஈரத்தில் ஒரு வயோதிபர் வழுக்கி விழுந்தால் அந்த மையத்தின் பெயர் அதோடு போகும். செங்கல் தரை கண்ணுக்கு இதமானது; ஆனால் கடற்கரை உப்பில் வெள்ளை பூத்து உதிரும், நிழலில் பாசி பிடிக்கும். முருகைக் கல்லைப் பழைய வீடுகளில் பார்த்து ஆசைப்படுவோர் உண்டு. கரையோர வலயத்தில் அதை அகழ்வது சட்டப்படி தடை. இருந்த பழைய கல்லைக் காட்சிக்கு வைக்கலாம், புதிதாகத் தேடக் கூடாது. பதிப்பதற்குக் கடல் மணலைப் பாவிப்பதும் வேண்டாம். அதன் உப்பு கல்லில் ஏறும். கருங்கல் சல்லி மலிவானது, தண்ணீரை விடும். ஆனால் அதில் சக்கர நாற்காலி புதையும், செருப்பில்லாக் கால் நோகும். வாகனம் நிறுத்துமிடத்துக்குப் புல் வளர இடைவெளி உள்ள கொங்கிறீட் கட்டங்கள் பொருத்தம்.

மிஞ்சுவது மணல். நமது பெரியவர்கள் அதைத் தெரியாமல் வைத்திருக்கவில்லை. விடியலில் வாருகலால் கூட்டிய மணல் முற்றம் தண்ணீரைக் குடித்தது, வெயில் தணிந்ததும் விரைவில் குளிர்ந்தது, பாம்பு ஊர்ந்த தடத்தைக் காட்டியது. நிலா வெளிச்சத்தில் பாய் விரித்துக் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் படிக்கக் கேட்டது அந்த மணலில் இருந்துதான். நாம் பாதுகாக்க விரும்பும் இலக்கியத்தில் பெரும்பகுதி வாசிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டதல்ல, கூடியிருந்து கேட்பதற்காக ஆனது. அது கேட்கப்பட்ட இடத்தை மூடிவிட்டு ஏட்டை மட்டும் கண்ணாடிக்குள் வைப்பது பாதி வேலை.

யாருடைய கால்?

இத்தகைய மையத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் யார்? கவி பாடத் தெரிந்த மூதாட்டிகள். பிரதிகளை வாசித்துக் காட்டக் கூடிய முதிய லெப்பைமார், மௌலவிமார். பாடசாலைப் பிள்ளைகள். இவர்களில் முதல் இரு சாராரும் வர முடியாத மையம், பிரதியை வைத்துக் கொண்டு அதை வாசிக்கும் நாவை இழந்த மையம்.

ஆகவே வாயிலில் இருந்து கட்டிடம் வரை ஒரு பாதையாவது கடினமாக, சமமாக, வழுக்காமல் இருக்க வேண்டும். அகலம் 1.8 மீற்றர் இருந்தால் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போகலாம். குறுக்குச் சரிவு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் சரித்தால் நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும். பொதுக் கட்டிடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் செல்ல வசதி செய்ய வேண்டும் என்று நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உள்ளன. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும். அதாவது கட்டிடத்தின் தரை முற்றத்தைவிட 45 சென்ரிமீற்றர் உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீற்றர். இதற்கான இடத்தை ஆரம்பத்திலேயே விட்டு வைக்காவிட்டால் பின்னர் படியோரத்தில் ஒரு பலகையைச் சாத்தி வைக்க வேண்டியதுதான். தண்ணீருக்காகத் தரையை உயர்த்துவதும் முதியோருக்காகச் சாய்தளம் விடுவதும் ஒரே வரைபடத்தில் தீர்க்க வேண்டியவை என்பது இதனால்தான்.

வெறுங்காலையும் மறக்கக் கூடாது. வுழூச் செய்யும் இடத்திலிருந்து தொழும் இடத்துக்குப் போகும் வழி நண்பகல் வெயிலில் கொதிக்கும் கொங்கிறீட்டாக இருந்தால், பிள்ளைகள் ஒற்றைக் காலில் துள்ளிக் கொண்டே போவார்கள். அந்த வழிக்கு நிழல் வேண்டும். வுழூத் தண்ணீரில் சவர்க்காரம் கலப்பதில்லை. அதைக் கானுக்கு விடாமல் மரங்களுக்குத் திருப்பலாம்.

பொல்லடியும் இருக்கிறது. வட்டமாகச் சுற்றி ஆடும் அக்கலைக்கு ஒரு வெளி தேவை. எட்டு மீற்றர் விட்டமுள்ள, நன்றாக இறுக்கிச் சமப்படுத்திய மணல் வட்டம் அதற்குப் போதும். மற்ற நாட்களில் அதுவே பாய் விரிக்கும் இடம்.

எழுத்தைத் தரையில் வைக்கலாமா?

உலகின் பல இலக்கிய நகரங்களில் நடைபாதையையே ஏடாக்கியிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில், எழுத்தாளர் நூதனசாலையை ஒட்டிய ‘மேக்கர்ஸ் கோர்ட்’ முற்றத்தில் ஸ்கொட்லாந்து எழுத்தாளர்களின் வரிகள் நடைகற்களில் செதுக்கப்பட்டுள்ளன. நியூயோர்க்கின் 41ஆம் வீதியில், பொது நூலகத்தை நோக்கிச் செல்லும் நடைபாதையில் இலக்கிய மேற்கோள்கள் பொறித்த வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றின் படங்களைப் பார்த்த நமது இளைஞர்கள் “நாமளும் இப்படிச் செய்வமே, அறபுத்தமிழ் எழுத்தைக் கல்லுல வெட்டி வெப்பமே” என்று கேட்பது இயல்பு.

அவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் இங்கே நமது மரபு வேறு விடை சொல்கிறது. கீழே விழுந்த கிதாபை எடுத்து முத்தமிட்டு வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அறபெழுத்துள்ள தாள் காலடியில் கிடந்தால் எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்போம். அறபுத்தமிழ் தமிழ் மொழிதான் என்றாலும் எழுத்து அறபு. அப்பிரதிகளில் அல்லாஹ்வின் திருநாமமும் நபிமார் பெயர்களும் வரிக்கு வரி வரும். அவற்றைக் காலடியில் வைப்பது, நாம் எந்த மரபைப் பாதுகாக்க வந்தோமோ அந்த மரபின் அடிப்படை மரியாதையையே மிதிப்பதாகும். அழிந்த எழுத்தைத் திருத்துவதும் தரையில் கடினம்.

எழுத்து கண்மட்டத்தில் இருக்கட்டும். பாதையோரத்தில் இடுப்பளவு குட்டைச் சுவர் எழுப்பி அதில் பதிக்கலாம். அமரும் கல்லிருக்கையின் சாய்மானத்தில் எழுதலாம். மேலே அறபுத்தமிழும் கீழே தமிழெழுத்தும் இருந்தால் பிள்ளைகள் ஒப்பிட்டு வாசிக்கப் பழகுவார்கள்.

அப்படியானால் தரைக்கு அலங்காரமே கூடாதா? கூடும். கிழக்கின் முஸ்லிம் பெண்கள் பன்னில் இழைத்த பாய்கள் இருக்கின்றன. பாய் என்பது மரியாதைக் குறைவின்றிக் காலும் கையும் படும் பொருள். தரைக்கென்றே பிறந்த கலை. இன்டர்லொக் கற்களை மீன்முள் போலக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்துப் பதிக்கும் முறை, அசைவைத் தாங்குவதில் மற்ற முறைகளைவிட வலிமையானது. பார்வைக்கு அது பாய் இழைப்பைப் போலவே இருக்கும். இரண்டு நிறக் கல்லைக் கொண்டு ஓரத்துக்குக் கரை கட்டினால் முற்றத்தில் பாய் விரித்தது போலாகும். இதற்கு வெளிநாட்டு நட்சத்திர வடிவங்களைத் தேடிப் போகத் தேவையில்லை.

எந்த மரம்?

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்சைகளை எல்லோரும் அறிவர். அவை அந்த வீதிக்கு ஓர் அடையாளத்தைக் கொடுத்துவிட்டன. அதன் பிறகு முஸ்லிம் நிறுவனம் என்றால் பேரீச்சை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பேரீச்சையில் பிழையொன்றுமில்லை. அதன் வேர் நாராகப் பரவுவதால் கல்லைப் பெயர்க்காது. உப்பையும் வரட்சியையும் தாங்கும். ஆனால் அது தரும் நிழல் குறைவு. நமது ஏடுகளை எழுதியவர்கள் வாழ்ந்ததும் இந்தக் கரையின் மரங்களுக்குக் கீழேதான். ஸ்பெயினின் கோர்தோபா பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் தோடை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கல் தரையில் வெட்டிய வாய்க்கால்கள் அடிமரம்தோறும் தண்ணீரைக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே நாம் படிக்க வேண்டியது தோடையை அல்ல, அந்த நிலத்தின் தண்ணீருக்கு ஏற்ப முற்றத்தை வகுத்த அறிவை.

நமது மண்ணுக்கு முதலில் பனை. சுவடியின் தாய் அதுவே. ஓலையைப் பதப்படுத்தி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, கரி பூசி எழுத்தைத் தெரிய வைத்த விதத்தை ஒரு பனையின் அடியில் நின்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மெதுவாக வளரும், ஆகவே முதலாவதாக நட வேண்டியதும் அதுதான். அடுத்து வேம்பு. அதன் காய்ந்த இலையைப் புத்தகப் பெட்டிக்குள் பூச்சிக்காகப் போட்டு வைத்தார்கள். நிழலும் தரும். ஆனால் அதன் சிற்றிலைகள் கூரைப் பீலியை அடைக்கும். கட்டிடத்தை விட்டுத் தள்ளி நட வேண்டும். புன்னை கடற்காற்றைத் தாங்கும்; அதன் கொட்டை எண்ணெய் ஒரு காலத்தில் விளக்கெரித்தது. மதில் ஓரத்துக்கு மருதோன்றி வேலி. தண்ணீர் அதிகம் கேட்காது, வெட்ட வெட்டத் தழைக்கும், பெருநாளுக்கு முதல் நாள் ஊர்ப் பெண்பிள்ளைகளை மையத்துக்கு வரவழைக்கும்.

ஆல், அரசு இனங்கள் சுவரின் வெடிப்பில் வேர் விடும். இந்த அளவு வளவுக்கு வேண்டாம். தென்னையைப் பாதைக்கு மேல் நடக் கூடாது, தேங்காய் ஆள் பார்த்து விழாது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு வளர்ச்சியில் சாய்ந்தாலும் கூரையில் விழாத தூரத்தில் பெருமரம் நிற்கட்டும். பாதையோரத்து மரத்தின் அடியில் ஒன்றரை மீற்றர் சதுரமாவது மூடாத மண் விட வேண்டும். கழுத்து வரை சீமெந்து பூசிய மரம் கல்லைப் பெயர்க்கும், அல்லது பட்டுப் போகும்.

ஒரு வளவைப் பிரித்துப் பார்ப்போம்

முன்பு சொன்ன முப்பது பேர்ச் வளவுக்கே திரும்புவோம். கட்டிடம் 16 மீற்றருக்கு 12 மீற்றர் என்றால் அதற்கு 192 சதுர மீற்றர் போகும். மிச்சம் 567. இதில் வாயிலில் இருந்து வரும் பாதை 17 மீற்றர் நீளம், 1.8 அகலம்: ஏறத்தாழ 31. வுழூ இடத்துக்கும் கழிவறைக்கும் போகும் கிளைப் பாதை 20. சுவரைச் சுற்றிய சல்லி 35. இரண்டு வாகனத்துக்குப் புல் கட்டம் 25. பொல்லடி வட்டம் 50. எல்லாம் போக 406 சதுர மீற்றர் மணலுக்கும் மரத்துக்கும் மீதமிருக்கிறது.

முழுக்க மூடப்பட்ட தரை 51 சதுர மீற்றர்தான். முற்றத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் எவருடைய வசதியும் குறையவில்லை. இன்டர்லொக் கல்லுக்குப் போகவிருந்த பணத்தில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. அதை நல்ல கூரைப் பீலிக்கும், வாய்க்காலுக்கும், உள்ளே ஈரப்பதம் அளக்கும் கருவிக்கும் செலவிடலாம். மணல் முற்றத்துக்கு ஒரு செலவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் கூட்ட ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தை ஆரம்பத்திலேயே வருடாந்தச் செலவில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் மூன்றாம் வருடம் “இதென்ன, வளவு காடாக் கிடக்கி” என்று யாராவது கல் லொறியைக் கூட்டி வருவார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் எத்தனையோ வீடுகள் அவற்றில் இருந்தவற்றோடு போயின. அந்தக் கடலை எந்த முற்றமும் தடுத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு மாரியிலும் சுவரடியில் நிற்கும் தண்ணீரை நம்மால் தடுக்க முடியும். கடலுக்குத் தப்பிய ஏட்டை நமது கவனக்குறைவால் பூஞ்சணத்துக்குக் கொடுத்தால் அதற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தோடு அடுத்த கூட்டத்துக்குப் போகும் அன்பர்கள் கட்டிடத்தின் உயரத்தைக் கேட்பதற்கு முன், “இந்த வளவின் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போகும்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.